முக்காட்டுக்கு மேலே வைத்த ஹெட்போன்

என் வேலை மனிதர்களின் காதைச் சோதிப்பது. பத்து வருடத்துக்கு மேலாகத் திருகோணமலைத் துறைமுகப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில், சத்தம் புகாத ஒரு பெட்டி அறைக்கு வெளியே உட்கார்ந்து, கண்ணாடிக்கு உள்ளே இருப்பவர் பொத்தானை அழுத்துகிறாரா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். கேட்டால் அழுத்த வேண்டும். கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். இதைவிட எளிமையான சோதனை வைத்தியத்தில் கிடையாது. இதில் பிழை விடுவதற்கு ஒருவர் நன்றாக மினக்கெட வேண்டும். நாங்கள் மினக்கெட்டோம்.

அந்த வருடம் எங்களிடம் ஓர் ஆராய்ச்சி வந்து சேர்ந்தது. சாதாரண அன்டிபயோட்டிக் குளிசைகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகிவிட்டன என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அப்படிப்பட்ட கிருமி சிறுநீர்ப் பாதையில் ஏறியவர்களுக்கு ஒரு பழைய ஊசி இன்னும் வேலை செய்கிறது. அதைக் குறைந்த நாட்கள் போட்டால் போதுமா, மூன்று வாரம் போடத்தான் வேண்டுமா என்று பார்ப்பது நோக்கம். சீட்டுப் போட்டு ஆட்களை இரண்டாகப் பிரித்தார்கள். அந்த ஊசிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காதைத் தின்னும். முதலில் உயர்ந்த, மெல்லிய ஒலிகள் போகும். போனது திரும்பாது. ஆகவே ஊசி தொடங்குவதற்கு முன் முதல் நாள் ஒரு சோதனை, பிறகு வாரம் ஒன்று. முதல் நாள் சோதனை வரைந்த கோட்டிலிருந்து இரண்டு படி இறங்கினால் ஊசியை நிறுத்திவிட்டு வேறு மருந்துக்கு மாற்ற வேண்டும். எல்லாம் அந்த முதல் நாள் கோட்டில்தான் தங்கியிருந்தது.

தொடக்கத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒரு பெரியவர் படம் போட்டுக் காட்டி, இந்தப் பக்கத்துச் சனம் அன்டிபயோட்டிக்கை டொபி மாதிரிச் சாப்பிடுகிறது, பாதியில் நிறுத்துகிறது, அதனால்தான் கிருமிக்குத் திமிர் பிடித்தது என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு என் வாயில் அடிக்கலாம் போல இருக்கிறது.

ஏனென்றால் இரண்டு மாதத்தில் கிண்ணியாவிலிருந்து ஒரு பெண் பிஸ்கற் டின் ஒன்றோடு வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். வீட்டில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவர். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லாம் அவருடைய விறாந்தையில்தான் குர்ஆன் ஓதுவார்கள். அக்கா என்பதற்கு அவர்கள் சொல்கிற மாதிரி, நான் அவரை ராத்தா என்று கூப்பிட்டேன். ஒரே வருடத்துக்குள் நாலு தரம் சலக்கடுப்பும் காய்ச்சலும் வந்திருந்தது. நாலு தரமும் நாலு வெவ்வேறு மருந்து. எந்தக் கிருமி என்று ஒருவராவது சோதித்துப் பார்த்தார்களா என்றால் இல்லை. முடிவு வர நாள் எடுக்குமாம், அதுவரை இதைக் குடியுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். டின்னைத் திறந்து என் மேசையில் கவிழ்த்தார். குளிசை இருந்த வெறும் மட்டைகள்.

“மிஸ், டொக்டர்மார் எழுதித் தந்ததில ஒண்டையும் நான் மிச்சம் வெக்கல்ல. இந்தா எண்ணிப் பாருங்க. என்னட்ட எல்லாரும் நீ பாதியில விட்டியா எண்டுதான் கேக்கிறாங்க.”

நான் எண்ணவில்லை. எண்ணத் தேவையும் இருக்கவில்லை. ஒவ்வொரு மட்டையிலும் ஒவ்வொரு குழியும் வெறுமையாக இருந்தது. சொன்னபடி செய்த ஒரு பெண், தான் சொன்னபடிதான் செய்தேன் என்று காட்டுவதற்குக் குப்பையைக் காவிக்கொண்டு பஸ் ஏற வேண்டியிருக்கிறது. கோழிப் பண்ணைக்காரர் தீனியில் கலக்கிற மருந்தைப் பற்றி அந்தக் கூட்டத்தில் ஒரு படமும் இருக்கவில்லை. எழுதிக் கொடுத்த பேனைகளைப் பற்றியும் இருக்கவில்லை.

சீட்டில் ராத்தாவுக்கு மூன்று வார ஊசி விழுந்தது. ஒவ்வொரு நாளும் காலையில் பாலம் கடந்து பஸ்ஸில் வந்து, ஊசியைக் கையில் ஏற்றிக்கொண்டு, பிள்ளைகள் வருவதற்கு முன் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்.

இனி என் பிழையைச் சொல்கிறேன். அதைச் சொல்லாமல் மற்றவர்களைத் திட்டினால் அது நியாயமாக இராது.

ஆராய்ச்சிக்காக ஓர் உதவியாளரை அனுப்பியிருந்தார்கள். வெளியூர்க்காரர், என் வயதுதான் இருக்கும், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், வேலையில் சுத்தம். காலையில் எனக்கு ஆஸ்பத்திரியின் சொந்தக் கிளினிக். ஆகவே காலையில் வரும் புது ஆட்களின் முதல் நாள் சோதனை அவருடையது. பின்னேரமும் இடைவேளையிலும் நடக்கிற வாராந்தச் சோதனைகள் என்னுடையவை. முதல் வாரத்திலேயே அவர், கதவு திறந்திருக்க, ஆண்கள் போய்வர, ஒரு பெண்ணிடம் முக்காட்டை எடுங்கள் என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் எழுந்து போய்விட்டார். அடுத்த நாள் அவருடைய கணவர் வந்தார். சத்தம் போடவில்லை, மரியாதையாகத்தான் கதைத்தார். அந்த மரியாதைதான் எனக்குச் சுட்டது.

நான் இந்த ஊரில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் என் வாங்கிலில் இருந்தவர்களில் பாதிப்பேர் முக்காடு போட்டவர்கள். எனக்குத் தெரியாததா? உதவியாளரைக் கூப்பிட்டு வைத்து நன்றாகக் கொடுத்தேன்.

“இது உங்கட ஊர் இல்லை. முக்காட்டில கை வைக்கக் கூடாது, எடுக்கச் சொல்லவும் கூடாது. அதுக்கு மேலால ஹெட்போனை வையுங்கோ. விளங்கிச்சோ?”

“ஓம் மிஸ். மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் பெண்களின் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். அவரும் சொன்ன சொல் தவறாமல் அன்றிலிருந்து முக்காடு போட்ட எல்லாப் பெண்களுக்கும் அதற்கு மேலேயே வைத்தார். உள்ளே ஒரு தொப்பித் துணி, அதற்கு மேல் இரண்டு சுற்று, காதடியில் ஒரு குண்டூசி. அத்தனைக்கும் மேலே ஹெட்போன். படிவத்தில் வயது எழுத ஒரு கட்டம், தொழில் எழுத ஒரு கட்டம், முன்பு காதில் சீழ் வந்ததா என்று எழுத ஒரு கட்டம் இருந்தன. துணிக்கு ஒரு கட்டம் இல்லை. கட்டம் இல்லாததை யாரும் எழுதவில்லை.

எட்டாம் நாள் ராத்தா என்னிடம் வந்தார். நான் பெண். கதவைச் சாத்தினேன். அவரே குண்டூசியைக் கழற்றி, முக்காட்டைத் தோளில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். கடதாசியில் வலக்காதுக்கான சிவப்பு வட்டங்களும் இடக்காதுக்கான நீலப் பெருக்கல் குறிகளும் முதல் நாள் இருந்த இடத்திலேயே விழுந்தன.

“நல்லாயிருக்கு ராத்தா. முதல் நாள் மாதிரியேதான்” என்றேன்.

“அப்ப சரி” என்றார். முக்காட்டைத் திரும்பக் குத்திக்கொண்டே, “ஆனா புள்ளையள்ட சத்தம் ஒரு மாதிரித் தூரத்தில இரிக்கு” என்றார்.

“காய்ச்சல்ல கிடந்து எழும்பின உடம்புதானே. களைப்பாயிருக்கும்.”

இப்படி நோயாளிகளுக்குச் சொல்வதற்கென்று எங்களிடம் சில கதைகள் கைவசம் இருக்கும். அவற்றில் ஒன்றை எடுத்து நீட்டினேன். ஒரு மனுசி தன் காதைப் பற்றிச் சொல்கிறார். நான் அதை நம்பாமல் கடதாசியை நம்பினேன். கடதாசியை நம்பத்தான் எனக்குச் சம்பளம்.

பதினைந்தாம் நாள் அவர் வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. உட்காரச் சொன்னேன். உட்காராமல் நின்றபடியே கதைத்தார்.

“நேத்து ஒரு சின்னப் புள்ள ஓதிட்டு என்ட முகத்தப் பாத்துக்கொண்டிருந்திச்சு. முடிச்சிட்டாளா இல்லையா எண்டு எனக்குத் தெரியல்ல மிஸ். வாய் அசையுது, சத்தம் இல்ல. பிறகு பெரிய புள்ள ஒருத்திய பக்கத்துல இருத்தி, அவங்க பிழை விட்டா நீ கையக் காட்டு எண்டு சொல்லிட்டன். இருவது வருசமா ஓதிக் குடுக்கன். ஒரு புள்ள பிழையா ஓதிப்போட்டு என்ட வாசலால இறங்கினதில்ல.”

உடனே சோதித்தேன். ஒரு தரம் அல்ல, இரண்டு தரம். முதல் நாளோடு ஒப்பிட்டால் ஒரு படிதான் இறங்கியிருந்தது. ஒரு படி என்றால் அது கணக்கில் வராது. அவரிடம் கடதாசியைக் காட்டி, மெதுவாக, வாய் தெரியும்படி விளக்கினேன். அவர் இரண்டு கோடுகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

“இது எப்ப எடுத்தது?”

“முதல் நாள்.”

“அண்டைக்கு அந்தத் தம்பி சீலைக்கு மேலால தானே வெச்சவர். இண்டைக்கு நீங்க வெறுங்காதுல வெச்சீங்க. ரெண்டும் எப்பிடி மிஸ் ஒண்டாகும்?”

டிப்ளோமாவும் பத்து வருடப் பழக்கமும் இருந்த என் மண்டையில் ஏறாத ஒன்றை, இந்த மெஷினை மூன்றே மூன்று தரம் பார்த்த ஒரு பெண் ஒரே கேள்வியில் சொல்லிவிட்டார். துணி முதலில் மறிப்பதும் மெல்லிய, உயர்ந்த ஒலிகளைத்தான். ஊசி முதலில் தின்பதும் அதே ஒலிகளைத்தான். முதல் நாள் துணி தின்ற இடத்தில் பிறகு ஊசி வந்து உட்கார்ந்திருக்கிறது. கடதாசியில் இரண்டும் ஒரே மாதிரித் தெரிந்தன. மாற்றம் இல்லை, மாற்றம் இல்லை என்று நான் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

என் சால்வையை எடுத்து, அவர் கட்டுகிற மாதிரியே என் தலையில் கட்டிவிடச் சொன்னேன். இரண்டு சுற்றுச் சுற்றிக் காதடியில் குத்திவிட்டார். அதற்கு மேலே ஹெட்போனை வைத்து, ஒலியை நானே திருப்பி, பொத்தானை நானே அழுத்தினேன். முறையான சோதனை அல்ல. ஆனால் குருடனுக்கும் தெரிகிற வித்தியாசம். நல்ல காதுள்ள நான், உயர்ந்த ஒலிகளில் மூன்று படி செவிடாகியிருந்தேன்.

“கேட்டிருந்தாக் கழட்டியிருப்பேனே” என்றார் ராத்தா. “ஒரு பொம்பிளைய உள்ளுக்கு விட்டுட்டுக் கதவச் சாத்தினாச் சரிதானே. ஆரும் என்னட்டக் கேக்கல்ல.”

அந்தச் சொல் இன்னும் என் காதில் நிற்கிறது. மரியாதை, மரியாதை என்று அவருக்காக நான் முடிவெடுத்தேனே தவிர, அவரைக் கேட்கவில்லை. கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும். ஒரு திரைச்சீலை போதும். ஆராய்ச்சிக்கென்று வந்த பெட்டிகளில் விலை கூடிய பேனைகள்கூட இருந்தன, ஒரு திரைச்சீலை இருக்கவில்லை.

ஆராய்ச்சிக்குப் பொறுப்பான டொக்டரிடம் இருவரும் போனோம். கெட்ட மனிதர் அல்ல. குரலை உயர்த்தாதவர். நான் சொன்னதெல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மிஸ், உங்கட தலையில சால்வையைக் கட்டிப் பார்த்ததை நான் எங்க எழுதுறது? படிவத்தின்படி ஒரு படிதான் குறைஞ்சிருக்கு. இன்னும் ஏழு ஊசிதான் மிச்சம். இப்ப நிப்பாட்டினா கிருமி திரும்ப எழும்பினா என்ன செய்யிறது?”

“சேர், போன கிழமைச் சோதினையில கிருமி இல்லையெண்டு வந்திட்டுது. மாத்து மருந்தும் இருக்கு. காதுக்கு மாத்து இல்லை.”

“நோயாளி சொல்லுறதை மட்டும் வைச்சுக்கொண்டு ஆராய்ச்சி செய்ய ஏலாது.”

இதைச் சொல்லும்போது நோயாளி அவருக்கு முன்னால் கதிரையில் இருந்தார். காது நன்றாக இருந்தவரை இந்த நாட்டில் ராத்தா சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை. இப்போது அவருக்குக் கேட்கவில்லை என்பதையும் ஒருவரும் கேட்கவில்லை. சம்மதப் படிவத்தின் கடைசிப் பக்கத்தை எடுத்து, எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம் என்ற வரியை டொக்டருக்கு முன்னாலேயே ராத்தாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். ராத்தா தலையாட்டினார். பிறகு, விலக மாட்டேன் என்றார்.

“சும்மா போனா, பயத்துல போயிட்டா எண்டு எழுதுவாங்க. காது போனதெண்டு எழுதமாட்டாங்க. இண்டைக்கு ஊசி வேணாம். நாளைக்கு அதே முக்காட்டக் கட்டிக்கொண்டு வாறன். அதே தம்பியே வெக்கட்டும், அண்டைக்கு வெச்ச மாதிரியே. அப்ப தெரிஞ்சிரும்தானே?”

டொக்டர் அவரைப் பார்த்தார். அவரைச் சரியாகப் பார்த்தது அதுதான் முதல் தரம் என்று நினைக்கிறேன். சரி, பார்ப்போம் என்றார். அன்றைய ஊசிக்கான கட்டத்தில் மருந்து எடுக்கத் தவறினார் என்று யாரோ எழுதிவைத்திருந்ததை நான் பின்னேரம் கண்டேன். தவறியவர் யார் என்று பக்கத்தில் எழுத என் பேனை துடித்தது.

அடுத்த நாள் அவர் வந்தார். அதே சாம்பல் நிற முக்காடு, உள்ளே அதே தொப்பித் துணி, அதே இடத்தில் குண்டூசி. உதவியாளர் முகம் வெளுத்துப்போய் நின்றார். ஹெட்போனை அன்று வைத்த மாதிரியே துணிக்கு மேலே வைத்தார். நானும் டொக்டரும் பின்னால் நின்றோம். தாழ்ந்த ஒலிகளுக்கு ராத்தா உடனுக்குடன் அழுத்தினார். பிறகு ஒலி ஏற ஏற அந்த விரல் பொத்தானின் மேல் சும்மா கிடந்தது. உதவியாளர் சத்தத்தைக் கூட்டினார். மேலும் கூட்டினார். விரல் அசையவில்லை. ராத்தா ஒரு தரம் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார், தொடங்கிவிட்டதா என்று கேட்கிற மாதிரி.

முதல் நாள் கோட்டிலிருந்து நாலு படி. சில இடங்களில் அதற்கும் கீழே.

உதவியாளர் ஹெட்போனை எடுத்துவிட்டு, “ராத்தா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றார். சொன்னது ராத்தாவுக்குக் கேட்டதோ தெரியாது, முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். “நீங்க மரியாதையாத்தான் நடந்தீங்க தம்பி” என்றார். அதைக் கேட்டு நான்தான் வெளியே போய் நின்றேன். அந்த மன்னிப்பு உதவியாளர் கேட்க வேண்டியதே அல்ல. கட்டளை போட்டவள் நான்.

டொக்டர் அன்றே ஊசியை நிறுத்தினார். மாற்று மருந்து எழுதினார். கிருமி திரும்பவில்லை, அது நல்லது. போன ஒலிகளும் திரும்பவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஆராய்ச்சியை மேற்பார்வை பார்க்கிறவர்களிடமிருந்து பதில் வந்தது. டொக்டர் எனக்கு வாசிக்கத் தந்தார். அந்த மேலதிகச் சோதனை அட்டவணையில் இல்லாத நாளில், ஹெட்போனுக்கும் காதுக்கும் இடையில் துணி இருக்க எடுக்கப்பட்டது. ஆகவே அது செல்லாது. முதல் நாள் சோதனையும் வாராந்தச் சோதனைகளும் அட்டவணைப்படி நடந்தவை. ஆகவே அவை செல்லும். நான் அதை மூன்று தரம் வாசித்தேன். துணிக்கு மேல் எடுத்த முதல் சோதனை செல்லுமாம், துணிக்கு மேல் எடுத்த கடைசிச் சோதனை செல்லாதாம். ராத்தாவின் பெயருக்குப் பதிலாக இருந்த இலக்கத்துக்கு எதிரே, கேட்கும் திறனில் மாற்றம் இல்லை, சொந்தக் காரணத்தால் விலகினார் என்று இருந்தது.

சொந்தக் காரணமாம். படித்தவர்கள், ஏசி அறையில் இருந்து, நிதானமாக யோசித்து எழுதிய சொல் அது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கடதாசியைக் கிழித்து எறிந்திருப்பேன். கிழித்தாலும் அது கொழும்பில் இருக்கும்.

மறு கிழமை கிண்ணியாவுக்குப் போய் அவரிடம் நேரில் சொன்னேன். விறாந்தையில் பிள்ளைகள் ஓதிக்கொண்டிருந்தார்கள். பெரிய பிள்ளை ஒருத்தி நடுவில் இருந்து பிழை திருத்தினாள். ராத்தா சுவரோடு சாய்ந்து அவர்களுடைய வாய்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடிதத்தில் இருந்ததை ஒரு கொப்பியில் எழுதிக் காட்டினேன். வாசித்தார். கோபப்படுவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. கொப்பியைத் திருப்பித் தந்துவிட்டுக் கேட்டார்.

“எனக்கு முதல் வந்த பொம்பிளையளுக்கும் மேலால தானே வெச்ச?”

ஓம் என்று தலையாட்டினேன்.

“அவங்களுக்கு ஆர் சொன்ன?”

யாரும் சொல்லவில்லை. அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று டொக்டரைக் கேட்டேன். கொழும்புக்கு அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் வரட்டும், நீங்களாகத் தொடர்புகொள்ளக் கூடாது என்றார். பதில் வரும் என்று ஒரு மாதம் இருந்தேன். அதற்குப் பிறகு ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பழைய படிவங்களை எடுத்தேன். மூதூர், கிண்ணியா, நிலாவெளி, பட்டணம். மூன்று வார ஊசியை முழுதாக எடுத்து முடித்து, நன்றி சொல்லி வீட்டுக்குப் போன பெண்கள். எல்லாவற்றிலும் மாற்றம் இல்லை என்று என் கையெழுத்தில் இருந்தது. முதலாவது படிவத்தில் இருந்த போன் இலக்கத்துக்கு என் சொந்தப் போனிலிருந்து அழைப்பு எடுத்தேன். ஓர் இளம்பெண் பேசினாள்.

“ஆஸ்பத்திரியில காது சோதிக்கிற மிஸ் கதைக்கிறன்” என்றேன். “உம்மாட்ட ஒருக்காக் குடுக்கிறீங்களா?”

“உம்மாக்கு இப்ப போன்ல விளங்காது மிஸ்” என்றாள் அவள். “என்னட்டச் சொல்லுங்க. நான் கிட்டப் போய்ச் சத்தமாச் சொல்றன்.”